நடிக்குமுன் வரைவோம்

நுழையும்முன்

நாடகம் கேட்பதற்கு மட்டும் உரியதன்று, காண்பதற்கும் உரியது. ஆயினும், பள்ளியில் நாடகம் நடத்துவது என்று முடிவானவுடன் நாம் முதலில் தேடுவது உரையாடலைத்தான். மேடையில் யார் எங்கே நிற்பர், கையில் எதை வைத்திருப்பர், பேசாதிருக்கும்போது என்ன செய்வர் என்பனவற்றைத் தாளில் வரைந்து பார்க்கும் பழக்கம் நம்மிடையே குறைவு. அப்பழக்கம் ஏன் தேவை என்பதை ஒரு காப்பியக் காட்சியின் துணைகொண்டு இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

உரையாடலுக்கு முன்னே

ஆண்டு விழா நாடகங்கள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் உருவாகின்றன. உரத்த குரலும் நல்ல நினைவாற்றலும் உடைய நால்வர் முதன்மைப் பாத்திரங்களைப் பெறுகின்றனர். அவர்கள் உரையாடலை மனப்பாடம் செய்கின்றனர். எஞ்சியோர் காவலர், தோழியர், ஊர்மக்கள் என்னும் பெயர்களில் மேடையின் பின்புறம் வரிசையாக நிறுத்தப்படுகின்றனர். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் யார் எந்தப் பக்கத்திலிருந்து வருவது என்னும் வினா எழுகிறது. ஒலிவாங்கி எங்கே இருக்கிறதோ அதன் முன்னே அனைவரும் கூடிவிடுகின்றனர். பேசுபவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்து நிற்கின்றனர்.

இத்தகைய நாடகத்தைக் கண்களை மூடிக்கொண்டும் சுவைக்கலாம். அதுவே அதன் குறை. வானொலி நாடகத்திற்கு ஒலி மட்டும் போதும். மேடை நாடகத்திற்கு ஒலியோடு உருவமும் இடமும் அசைவும் ஒளியும் வேண்டும். எனவே, நாடகப் பயிற்சியை மனப்பாடத்திலிருந்து தொடங்காமல் வரைதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. வரைதல் என்பது இங்கு அழகுக்கலை அன்று. அது கூர்ந்து படிக்கும் ஒரு முறை. உரையாடல் நம்மைக் கேட்காமல் விட்டுவிடும் வினாக்களை வரைபடம் கேட்டே தீரும்.

காட்சிப்பலகை என்பது

ஒரு கதையில் நிகழும் காட்சிகளைச் சிறுசிறு கட்டங்களில் வரிசையாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்தின் கீழும் தேவையான குறிப்புகளை எழுதிவைப்பதே காட்சிப்பலகை. திரைத்துறையினர் இதனை ஸ்டோரிபோர்டு என்று வழங்குவர். திரைப்படத்திற்கான காட்சிப்பலகையும் மேடைக்கான காட்சிப்பலகையும் முழுவதும் ஒன்றல்ல. திரைப்படத்தில் படக்கருவி நகர்ந்து சென்று ஒரு துளிக் கண்ணீரையும் திரை நிறையக் காட்டும். மேடை நாடகத்தைக் காண்பவரோ தம் இருக்கையை விட்டு நகர்வதில்லை. முதல் வரிசையில் இருப்பவருக்குத் தெரியும் கண்ணீர், கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது.

ஆகவே, மேடைக்கான ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு படங்கள் இருத்தல் வேண்டும். ஒன்று, பார்வையாளர் காணும் முகப்புத் தோற்றம். மற்றொன்று, மேடையை மேலிருந்து பார்த்தாற்போன்ற தரைப்படம். முகப்புத் தோற்றம் யார் பெரிதாகத் தெரிகிறார், யார் யாரை மறைக்கிறார் என்பதைக் காட்டும். தரைப்படம் ஒருவர் எங்கிருந்து எங்கே நடக்கிறார் என்பதை அம்புக்குறியால் காட்டும். வலம், இடம் என்னும் குறிப்புகளைப் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலம், இடமாகக் கொள்வது அரங்க வழக்கம். இதனைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொண்டால் பிற்பாடு ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ள நேராது.

உலக அரங்கில் இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டும் மேடை வடிவமைப்பாளர் காஸ்பர் நெஹரும் பள்ளித் தோழர்கள். நாடகத்தின் பல்வேறு தருணங்களில் பாத்திரங்கள் எவ்வாறு கூடி நிற்கின்றன, எவ்வாறு விலகி நிற்கின்றன என்பதை நெஹர் விரைவான கோடுகளில் வரைந்து தருவார். ஒத்திகையில் நடிகர்களின் நிலைகளை அமைப்பதற்குப் பிரெக்ட் அந்தப் படங்களைப் பயன்படுத்தினார். நெஹர் வரைந்தவை வெறும் பின்புலக் காட்சிகள் அல்ல. மனிதர்களுக்கிடையே உள்ள தொலைவுகள். யார் யாருக்கு அருகில் நிற்கிறார் என்பதே ஒரு நாடகத்தில் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தெரிந்து தெளிவோம்

1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் படப்பிடிப்பு நிலையத்தில், ஓவியங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைத்துக் கதையை ஆராயும் முறை வளர்ந்தது. பலகை என்னும் பெயர் அதனால் வந்ததே. விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றிய சத்யஜித் ராய், 1955இல் வெளிவந்த தம் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யின் காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன்னரே ஓவியங்களாக வரைந்து வைத்திருந்தார்.

அரங்கை அளந்த மரபு

மேடையைத் திட்டமிட்டு அமைக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைத் துல்லியமாகத் தருகிறது. 24 விரல் அளவுள்ள மூங்கிற்கோலால் அளக்கப்பட்ட அவ்வரங்கின் நீளம் 8 கோல்; அகலம் 7 கோல்; தரையிலிருந்து அரங்கின் உயரம் 1 கோல். அரங்கின் தளத்திற்கும் மேலே அமைந்த உத்தரப் பலகைக்கும் இடைப்பட்ட உயரம் 4 கோல். உள்ளே புகவும் வெளியே செல்லவும் இரண்டு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் இடையூறு செய்யாதவாறு வைக்கப்பட்ட விளக்கு.

இவற்றுள் இறுதியில் சொல்லப்பட்ட விளக்கைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். நிழல் எங்கே விழும் என்பதை நிகழ்ச்சி தொடங்கிய பிறகு கண்டறிந்து பயனில்லை. ஆடுபவர் எங்கே நிற்பார், காண்பவர் எங்கே அமர்வார், ஒளி எங்கிருந்து வரும் என்னும் மூன்றையும் முன்னரே மனத்தில் வரைந்து பார்த்தவரால்தான் அந்த விளக்கை உரிய இடத்தில் வைக்க முடியும். காட்சிப்பலகை செய்வதும் இதையே.

ஏழு கட்டங்களில் ஒரு வழக்கு

பள்ளி மேடைகளில் பலமுறை நடிக்கப்பெறும் காட்சி, பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சி. வழக்குரை காதையைக் கையில் வைத்துக்கொண்டு இதனை ஏழு கட்டங்களாக வரைந்து பார்ப்போம்.

முதற்கட்டம், அரசியின் கனவு. செங்கோலும் வெண்குடையும் சாய்ந்து வீழ்வதாகவும் வாயில்மணி ஒலித்து நடுங்குவதாகவும் தான் கண்ட தீக்கனவைக் கோப்பெருந்தேவி அரசனிடம் கூறுகிறாள். பல பள்ளி நாடகங்கள் இப்பகுதியை விட்டுவிட்டு, கண்ணகியின் வருகையிலிருந்தே தொடங்குகின்றன. வரையத் தொடங்கும்போது ஒரு தேவை புலப்படும்: கனவில் வீழ்ந்த குடையும் கோலும் மேடையில் இருந்தாகவேண்டும். அரியணைக்கு மேலே குடை. அரசன் கையில் கோல். அவற்றைப் பார்வையாளர் முதலிலேயே கண்டிருக்கவேண்டும்.

இரண்டாம் கட்டம், வெற்று வாயில். கண்ணகி இன்னும் உள்ளே வரவில்லை. வாயிற்காவலன் அரசனிடம் வந்து, வெளியே நிற்பவளின் தோற்றத்தை அச்சத்தோடு விவரிக்கிறான். பார்வையாளர் அவளைக் காண்பதற்கு முன்னரே அவளைப் பற்றிக் கேட்கின்றனர். எனவே, இந்தக் கட்டத்தில் வாயில் வெறுமையாக இருக்கவேண்டும். ஆனால், அவையிலுள்ளோர் அனைவரின் முகமும் அவ்வாயிலை நோக்கியிருக்கவேண்டும். வெறுமையை வரைவது கடினமன்று. அதனை வரைய நினைவு கொள்வதே கடினம்.

மூன்றாம் கட்டம், கண்ணகியின் வருகை. விரிந்த கூந்தல், புழுதி படிந்த மேனி, கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு. அவள் எத்தனை அடி நடந்து அரசன் முன்னே வருகிறாள்? தரைப்படத்தில் மேடையின் மூலைவிட்டமாக ஒரு கோடு இழுத்தால், அதுவே அவள் நடக்கக்கூடிய மிக நீண்ட வழி. அவ்வளவு தொலைவும் அவள் பேசாமல் நடக்கட்டும்.

நான்காம் கட்டம், வாதம். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோன்மை ஆகாது என்று அரசன் சொல்கிறான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி உரைக்கிறாள். தம்முடைய சிலம்பின் பரல் முத்து என்று அரசன் கூறுகிறான். உரையாடல் மிகுந்த பகுதி இதுவே. ஆனால், இங்கு அசைவு குறைவு. ஆதலின், ஒரு கட்டமே போதும். உரையாடலின் நீளத்தைக் கொண்டு கட்டங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கலாகாது. நிலை மாறும் இடங்களைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

ஐந்தாம் கட்டம், சிலம்பின் வருகை. கோவலனிடமிருந்து பெற்ற சிலம்பைக் கொணருமாறு அரசன் ஆணையிட, அது கண்ணகியின் முன் வைக்கப்படுகிறது. இங்கேதான் வரைபவரின் கை தயங்கி நிற்கும். மேடையில் இப்போது இரண்டு சிலம்புகள் இருக்கின்றன: ஒன்று கண்ணகி தன் கையில் கொண்டுவந்தது, மற்றொன்று அரண்மனையிலிருந்து வந்தது. கண்ணகி உடைப்பது எந்தச் சிலம்பை?

ஆறாம் கட்டம் இதற்கு விடை சொல்லவேண்டும். பல மேடைகளில் கண்ணகியாக நடிப்பவர், தம் கையிலுள்ள சிலம்பையே ஓங்கித் தரையில் எறிவதைக் காண்கிறோம். காண்பதற்கு அது விறுவிறுப்பாக இருக்கும். ஆனால், வழக்கின் முறை அதுவன்று. கண்ணகியின் கையிலுள்ள சிலம்பில் மாணிக்கம் இருப்பதால் கோவலன் குற்றமற்றவன் என்பது உறுதியாகாது. கள்வன் எனப்பட்டவனிடமிருந்து பெற்ற சிலம்பில் மாணிக்கம் இருந்தால்தான் அது அரசியின் சிலம்பு அன்று என்பது உறுதியாகும். தன்முன் வைக்கப்பட்ட சிலம்பையே கண்ணகி உடைக்கிறாள். இரண்டு சிலம்புகளையும் தனித்தனியாக வரைய நேர்ந்த மாணவர், இந்த நுட்பத்தைத் தாமே கண்டறிவார். உரையாடலை மட்டும் மனப்பாடம் செய்தவர் இதனைக் கடந்து சென்றுவிடக்கூடும்.

ஏழாம் கட்டம், வீழ்ச்சி. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மணி அரசனின் வாயருகே படுகிறது. படத்தில் இதனை ஒரு புள்ளியாக வைத்துவிடலாம். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அப்புள்ளி தெரியுமா? தெரியாது. அப்படியானால் அதனை எவ்வாறு காட்டுவது? விடையைக் காப்பியமே தருகிறது. மணியைக் கண்டவுடன் அரசனின் குடை தாழ்ந்தது, கோல் தளர்ந்தது என்று இளங்கோவடிகள் பாடுகிறார். குடையைப் பிடித்திருப்பவரின் கை மெல்லத் தாழட்டும். அரசனின் கையிலிருந்து கோல் சரியட்டும். முதற்கட்டத்தில் அரசி சொன்ன கனவு இப்போது பார்வையாளரின் கண்முன்னே நிறைவேறுகிறது. முதற்படத்தையும் இறுதிப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, காப்பியத்தின் கட்டமைப்பே நமக்கு விளங்கிவிடுகிறது.

சொல்லற்ற பாத்திரங்கள்

இந்தக் காட்சியில் கோப்பெருந்தேவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். கனவைச் சொல்லி முடித்தபின், வழக்கு முடியும்வரை அவளுக்கு ஒரு சொல்லும் இல்லை. உரையாடலை மட்டும் எழுதி வைத்திருக்கும் குறிப்பேட்டில், இரண்டாம் கட்டம் முதல் ஆறாம் கட்டம்வரை அவளுடைய பெயரே இராது. அந்தப் பாத்திரத்தை ஏற்ற மாணவி என்ன செய்வார்? அரியணையின் அருகில் அசையாமல் அமர்ந்திருப்பார்.

காட்சிப்பலகையில் அவ்வாறு விட்டுவிட இயலாது. ஒவ்வொரு கட்டத்திலும் அவளை எங்கேனும் வரைந்தே ஆகவேண்டும். வரைகிற ஒவ்வொரு முறையும், அவள் இப்போது எதைப் பார்க்கிறாள் என்னும் வினா எழும். கண்ணகி வரும்போது தன் கனவு அவளுக்கு நினைவு வருமா? மாணிக்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் அவளுடைய பார்வை எங்கே செல்லும்? காணாமற்போன தன் சிலம்பின் பரல் என்ன என்பதை அந்த அவையில் அவளைவிட நன்கு அறிந்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடிய மாணவி, இறுதியில் அரசனின் அடிகளில் வீழும்போது, அது திடீரென நிகழும் ஒன்றாக இராது. ஐந்து கட்டங்களாக வளர்ந்துவந்த நடுக்கத்தின் முடிவாக இருக்கும்.

சிலம்பைக் கொண்டுவருபவரையும் பார்ப்போம். அவர் யார் என்பதைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. பள்ளி நாடகத்தில் அவர் பெயரில்லாத ஏவலர். ஆனால், அவர் ஏந்திவருவது அந்த வழக்கின் முழு உண்மையையும். அவர் உள்ளே நுழைந்து, சிலம்பைக் கண்ணகியின் முன் வைத்துவிட்டு விலகும்வரை மேடையில் யாரும் பேசவேண்டியதில்லை. அவையிலுள்ள அத்தனை கண்களும் அவருடைய கைகளின்மேல் இருக்கும். உரையாடல் ஏடு அவருக்கு ஒரு வரியும் தரவில்லை. காட்சிப்பலகை அவருக்கு ஒரு முழுக் கட்டத்தைத் தருகிறது.

குரல் எழும்பாத மாணவர், மேடையில் பேச அஞ்சும் மாணவர், திக்கிப் பேசும் மாணவர் ஆகியோர் எல்லா வகுப்புகளிலும் இருக்கின்றனர். அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தி எண்ணிக்கையை நிறைப்பது நாடகத்திற்கும் இழப்பு, அவர்களுக்கும் இழப்பு. தாம் நிற்கும் இடம் தாளில் வரையப்பட்டிருக்கிறது என்பதை அறிந்த மாணவர், தாம் இல்லாவிட்டால் அந்தப் படம் குறைவுபடும் என்பதையும் அறிவார். மேடைக்கே வர விரும்பாதவரும் வரைபவராக, ஒளியமைப்பாளராக, பொருள்களைக் காப்பவராக அந்த நாடகத்திற்கு உரியவராகிறார். வரைதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே தலையாய காரணம்.

வரைபடம் தடையாகுமா?

எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்துவிட்டால் நடிப்பின் உயிர்ப்பு கெட்டுவிடாதா என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் உண்மை இருக்கிறது. நம் தெருக்கூத்துக் கலைஞர்கள் எந்தத் தாளிலும் எதையும் வரைவதில்லை. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்து வேடம் தன் வரவைப் பாடுகிறது. கட்டியங்காரன் அன்றைய ஊர்ச்செய்தியையும் கலந்து நகைக்க வைக்கிறான். விடியும்வரை ஆட்டம் நடக்கிறது. ஆனால், அவர்களுக்குத் திட்டமே இல்லை என்று எண்ணுவது தவறு. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் சுழல்வது, எந்த அடவுக்குப் பின் எந்தப் பாட்டு என்பனவெல்லாம் பல்லாண்டுப் பயிற்சியால் அவர்களின் உடலில் பதிந்திருக்கின்றன. உடலே அவர்களுக்குக் காட்சிப்பலகை. மூன்று வாரப் பயிற்சியோடு மேடையேறும் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆதலால், தாள் தேவைப்படுகிறது.

மற்றொரு சான்றும் உண்டு. ஆங்கில நாடக இயக்குநர் பீட்டர் புரூக், 1946இல் ஸ்ட்ராட்போர்டு நகரில் ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தை இயக்கினார். அப்போது அவருக்கு வயது 21. மேடையின் சிறு மாதிரியை முன்னே வைத்து, நடிகர்களுக்குப் பதிலாக அட்டைத் துண்டுகளை நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் ஏட்டில் குறித்துக்கொண்டார். முதல் ஒத்திகையில் நடிகர்கள் அசையத் தொடங்கியதும், உயிருள்ள மனிதர்கள் அட்டைத் துண்டுகள் அல்லர் என்பதை உணர்ந்தார். ஏட்டை விட்டு விலகி நடிகர்களிடையே சென்றார். அதன்பின் எழுதிய திட்டத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று 1968இல் வெளிவந்த ‘தி எம்ப்டி ஸ்பேஸ்’ என்னும் நூலில் அவர் கூறுகிறார்.

இந்நிகழ்ச்சியைத் திட்டத்திற்கு எதிரான சான்றாகக் காட்டுவோர் உளர். நான் அதனை வேறு வகையில் காண்கிறேன். தாம் எண்ணியதற்கும் நடிகர்கள் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவரால் உடனே உணர முடிந்தது எவ்வாறு? அவர் முன்னரே எண்ணியிருந்தார் என்பதனால்தான். ஒன்றும் எண்ணாமல் வந்த இயக்குநருக்கு எந்த அசைவும் வியப்பளிப்பதில்லை. ஏனெனில், ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் ஒன்றும் இல்லை. அதேவேளையில், புரூக் தரும் எச்சரிக்கையை நாம் மறக்கவும் கூடாது. காட்சிப்பலகை கட்டளை அன்று. அது ஒரு முன்மொழிவு. ஒத்திகையில் அதைவிடச் சிறந்த ஒன்று தோன்றினால், பழைய கட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதை வரைந்து ஒட்டவேண்டும். திருத்தப்படாத காட்சிப்பலகை, யாரும் பயன்படுத்தாத காட்சிப்பலகையே.

தாளிலிருந்து மேடைக்கு

எனக்கு வரையத் தெரியாதே என்று யாரும் தயங்கவேண்டியதில்லை. தலைக்கு ஒரு வட்டம், உடலுக்கு ஒரு கோடு, கைகால்களுக்கு நான்கு கோடுகள் போதும். யார் யார் என்பதை வண்ணத்தாலோ முதலெழுத்தாலோ குறிக்கலாம். ஓவியத்தின் அழகு இங்கு மதிப்பிடப்படுவதில்லை, தெளிவே மதிப்பிடப்படுகிறது.

முதலில் கதையை முழுவதும் படித்து, நிலை மாறும் இடங்களை அடிக்கோடிட வேண்டும். ஒருவர் வருதல், ஒருவர் செல்லுதல், ஒரு பொருள் கைமாறுதல், ஓர் உண்மை வெளிப்படுதல் ஆகியவையே அவ்விடங்கள். ஒவ்வொன்றுக்கும் அஞ்சலட்டை அளவுள்ள தனித்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தனித்தாளாக இருந்தால் வரிசை மாற்றவும் நீக்கவும் எளிது. தாளின் மேற்பகுதியில் முகப்புத் தோற்றமும் தரைப்படமும் அமையட்டும். கீழ்ப்பகுதியில் கட்ட எண், அக்கட்டத்தின் முதற்சொல், இறுதிச்சொல், ஒளி, ஒலி, கையிலிருக்கும் பொருள்கள் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். எல்லாத் தாள்களையும் வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஒட்டி, உரையாடலைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே வரவேண்டும். கதை புரிந்தால் நாடகம் மேடைக்குத் தகுதியாகிவிட்டது. புரியாத இடத்தில் உரையாடலைக் கூட்டுவதற்கு முன், ஓர் அசைவைச் சேர்க்க முடியுமா என்று பார்க்கவேண்டும்.

இறுதியாக ஒரு சோதனை. நாடகம் நடைபெறவிருக்கும் அரங்கின் கடைசி வரிசையில் ஒருவர் சென்று அமர்ந்து, அங்கிருந்து மேடையைப் பார்க்கட்டும். தாளில் வரைந்தவற்றுள் அங்கே தெரியாதவை எவையெவை என்று குறித்துக்கொண்டு வரட்டும். சிலம்பு தெரிகிறதா? அரசியின் முகம் தெரிகிறதா? சிலம்பை ஏந்திவரும் ஏவலரின் கைகள் தெரிகின்றனவா? தெரியாதவற்றை மீண்டும் வரைந்த பிறகு, உரையாடலை மனப்பாடம் செய்யத் தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பாடப்பகுதியிலுள்ள ஒரு கதையிலோ காப்பியத்திலோ ஒரு காட்சியைத் தேர்ந்து, ஐந்து கட்டங்கள் கொண்ட காட்சிப்பலகையைக் குழுவாக உருவாக்குக.
2. அக்காட்சியில் உரையாடல் இல்லாத ஒரு பாத்திரத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அப்பாத்திரம் எதைப் பார்க்கிறது, என்ன எண்ணுகிறது என்பதை எழுதுக.
3. ‘முன்கூட்டியே வரைந்த திட்டம் நடிப்புக்குத் துணையா, தடையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.